பீரோவுக்குள்ளேயே சாவி

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் போட்டோ அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கெர்னல் பேனிக், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 0,0. அதாவது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் புரோகிராமான கெர்னல், சிஸ்டத்தின் ஃபைல்களெல்லாம் இருக்கும் இடத்தைத் திறந்து இணைத்துக்கொள்ள முடியாமல் நின்றுவிட்டது. அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டைமாடி அறையில், லேப்டாப் தோசைக்கல்லாய்க் காயக் காய டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கெர்னலை அதன் சோர்ஸ் கோடிலிருந்து தானே கம்பைல் செய்திருக்கிறார். ஒரு எரர்கூட வரவில்லையாம், ஆனால் பூட் ஆகவில்லை. ராகுகாலத்தில் ஆரம்பித்ததுதான் காரணம் என்று அறைத்தோழர் சொன்னாராம். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளே இப்படிச் சொன்னால் என்ன செய்வது!

கம்பைல் செய்யும் முன், கெர்னலில் என்னென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடித்தால் வரும் நீலத் திரையில் பெரும்பாலான டிரைவர்களுக்கு, அதாவது சாதனங்களை இயக்கும் கோடுகளுக்கு, மூன்று பதில் சொல்லலாம். ஒய் என்றால் கெர்னலோடு ஒட்டியே இருக்கும். என் என்றால் கிடையாது. எம் என்றால் மாட்யூல், அதாவது டிஸ்கில் தனி ஃபைலாகக் கிடக்கும், தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும். எம் நல்ல ஏற்பாடுதான், சவுண்ட் கார்டுக்கும் வைஃபைக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் டிஸ்கைப் படிக்கும் டிரைவருக்கும், அதில் ஃபைல்களை அடுக்கியிருக்கும் முறையான ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கும் எம் போட்டால்? டிஸ்கைப் படிக்க வேண்டிய மாட்யூல் அந்த டிஸ்குக்குள்ளேயே இருக்கிறது. பீரோ சாவியை உள்ளே வைத்துப் பூட்டின கதை.

"அப்படியென்றால் கெர்னலே டிஸ்கிலிருந்துதானே வந்தது, அதை யார் படித்தார்கள்?" என்று நீங்கள் கேட்டால் சபாஷ். கெர்னலுக்கு முன்பே, அதை ஏற்றிவிடுவதற்கென்றே இருக்கும் க்ரப் என்ற புரோகிராம் ஓடுகிறது. ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்கிற அளவுக்கு அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன அறிவு உண்டு. கெர்னலை எடுத்து மெமரியில் வைத்துவிட்டு அது ஒதுங்கிவிடும், அதற்குத் தெரிந்தது எதுவும் கெர்னலுக்கு வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான். வீடு கட்டும்போது மனையில் முதலில் ஒரு கொட்டகை போடுவார்கள், சிமெண்டும் சாமானும் வைக்க. வீடு நிமிர்ந்ததும் பிரித்துவிடுவார்கள். இனிட்ராம்எஃப்எஸ் அந்தக் கொட்டகை. தேவையான மாட்யூல்களையும் ஒரு குட்டி ஸ்கிரிப்டையும் சுருக்கி ஒரே ஃபைலாக்கி வைத்திருப்பார்கள். க்ரப் கெர்னலோடு அதையும் மெமரியில் போட்டுவிடும். கெர்னல் அதைப் பிரித்து மெமரியிலேயே தற்காலிக ரூட்டாக வைத்துக்கொள்ளும், டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அப்போது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்றும், டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், நிஜ ரூட் மவுன்ட் ஆகும், கடைசியில் தன்னிடமிருந்த ஃபைல்களையெல்லாம் தானே அழித்து மெமரியைத் திருப்பித் தந்துவிட்டு மற்ற புரோகிராம்களை எழுப்பும் முதல் புரோகிராமான நிஜ இனிட்டிடம் ஒப்படைத்துவிடும். 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடித்து, கூடவே பூட் ஃபோல்டரிலுள்ள இனிட்ஆர்டி ஃபைலின் பெயரையும் கொடுத்து, உங்கள் டெபியன் கொட்டகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நம் மாணவர் கெர்னல் ஃபைலை மட்டும் பூட் ஃபோல்டரில் காப்பி செய்திருக்கிறார். 'மேக் இன்ஸ்டால்' கொடுத்திருந்தால் டெபியனே கொட்டகையும் போட்டிருக்கும். அந்த 0,0 சும்மா வருவதில்லை. டிஸ்கையே காணோம் என்று அர்த்தம். 8,1 என்று வந்திருந்தால் முதல் டிஸ்கின் முதல் பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது, அதிலுள்ள ஃபைல் சிஸ்டம்தான் புரியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைக் கரும்பலகையில் கற்றுத்தர முடியாது. செலவென்று பார்த்தால், உடைத்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு கல்லூரியும் நாலு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கினால் போதும். நம் லேப்களில் மவுஸைத் தொடுவதற்கே பர்மிஷன் கேட்க வேண்டியிருக்கிறது.

நெட்வொர்க் பக்கம் வேறு மாதிரி. கார்டு டிரைவருக்கு எம் போதும், அதற்கு வேலை வருவதற்குள் ரூட் வந்திருக்கும். ரூட்டே என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் வழியாக வேறொரு மெஷினிலிருந்து வந்தால் மட்டும் இதே பீரோ கதை. ஆனால் "இந்த மெஷினுக்கு இன்டர்நெட்டே வேண்டாம்" என்று நெட்வொர்க்கிங்குக்கு மொத்தமாக 'என்' போட்டுவிடாதீர்கள். ஒரே பெட்டிக்குள் ஓடும் புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டும் அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. அது போனால், டெபியனில் இனிட் வேலையைச் செய்யும் சிஸ்டம்டியே எழாது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது, பூட் ஆகிவிட்டதாம். ஆனால் செல்போனை யூஎஸ்பியில் சொருகினால் நெட் வரவில்லையாம். கம்பைல் சீக்கிரம் முடியட்டும் என்று 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் சார் என்றார். அந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும் கட்டளை அது. அப்போது போன் சார்ஜரில் இருந்திருக்கிறது. "க்ரப் மெனுவில் பழைய கெர்னலுக்குப் போங்க, போனைச் சொருகி நெட் வந்த பிறகு, பூட் ஃபோல்டரிலிருக்கிற பழைய கெர்னலோட கான்ஃபிக் ஃபைலை உங்க கான்ஃபிக் மேல காப்பி செஞ்சுட்டு, திரும்ப அதே கட்டளையைக் கொடுங்க" என்றேன். பென் டிரைவையும் கூடவே சொருகச் சொன்னேன்.