எக்ஸ் கதிரைத் தங்கம் எங்கே பிடிக்கிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு வயிற்றில் சிடி ஸ்கேன் எடுத்தோம். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் திகுதிகுவென்று சூடானதாகச் சொன்னார். இனி அதற்குப் பதில் தங்கத்தை ஏற்றப் போகிறார்களாமே, உண்மையா?"

படத்தில் ரத்தக் குழாய்கள் தனியாகத் தெரிவதற்காக ஏற்றுவதுதான் கான்ட்ராஸ்ட். இன்றைக்கு சிடிக்காக ரத்தக் குழாயில் ஏற்றுவது அயோடின் சேர்ந்த மருந்துதான். எக்ஸ் கதிர்ப் படத்துக்காகத் தங்க நானோ துகளை (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் நுண்துகள்) மனிதருக்கு ஏற்ற இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து இருபது வருடம் ஆகிறது. அதன் பின்னால் உள்ள இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. எலும்பில் கால்சியம் (அணு எண் 20) இருப்பதால் அது எக்ஸ் கதிரை நன்றாக உறிஞ்சுகிறது, படத்தில் வெள்ளையாக விழுகிறது. ரத்தம், கல்லீரல், தசை எல்லாமே ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் கலவைகள். எக்ஸ் கதிருக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே ரத்தத்தில் கனமான அணு எதையாவது கலந்துவிட்டால் குழாய்கள் தனியாகத் தெரியும். 1923இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மேகநோய்க்குச் சோடியம் அயோடைடு வாங்கிக்கொண்டிருந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை படத்தில் வெள்ளையாகத் தெரிவதைக் கவனித்தார்கள். அயோடினின் கதை அங்கிருந்து வளர்ந்தது. அதன் அணு எண் 53, தங்கத்தின் அணு எண் 79. அப்படியானால் தங்கம்தானே மேல்?

பல கட்டுரைகள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு இங்கேயே நின்றுவிடுகின்றன. உண்மை இதைவிடச் சுவையானது.

எக்ஸ் கதிர் ஃபோட்டான் (கதிரின் ஆற்றல் துணுக்கு) ஒன்று அணுவில் மோதி, ஒரு எலக்ட்ரானைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டுத் தானும் மறைந்துபோவதுதான் ஒளிமின் விளைவு. கான்ட்ராஸ்ட் மருந்தின் வேலை பெரும்பாலும் இதனால்தான் நடக்கிறது. ஆனால் தன்னந்தனியாக மிதக்கும் எலக்ட்ரானால் ஒரு ஃபோட்டானை முழுதாக விழுங்கவே முடியாது. ஆற்றல், உந்தம் இரண்டின் கணக்கும் ஒரே நேரத்தில் நேராகாது. மிஞ்சும் உந்தத்தை வாங்கிக்கொள்ள அணுக்கரு பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் அணுக்கருவோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு நன்றாக அந்த எலக்ட்ரான் ஃபோட்டானை விழுங்கும். எல்லாவற்றிலும் இறுக்கமாக இருப்பவை உள்வட்டமான கே கூட்டில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள். விழுங்குவதில் அவைதான் கெட்டி.

ஆனால் அந்த இரண்டையும் பெயர்க்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். தங்கத்துக்கு அது 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு; இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்). 80இல் வரும் ஃபோட்டானுக்குத் தங்க அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களோடு மட்டும்தான் உறவு, கே கூடு அதற்கு இல்லாதது போலத்தான். 81இல் வருவதற்கு அந்த இரண்டும் கிடைத்துவிடுகின்றன. ஆற்றல் கூடக் கூட உறிஞ்சுதல் சரசரவென்று குறைந்துகொண்டே வரும் வரைபடம், 80.7ஐத் தொட்டதும் செங்குத்தாக நான்கு மடங்கு எகிறுகிறது. அப்புறம் மறுபடி சரிகிறது. இந்தப் படிக்குத்தான் கே விளிம்பு என்று பெயர். அயோடினுக்கு இதே படி 33.2இல், கடோலினியத்துக்கு 50.2இல், பிஸ்மத்துக்கு 90.5இல் வருகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஓர் எண். எந்த மருந்தில் போட்டாலும், எந்த உடம்பில் போட்டாலும் அந்த எண் மாறாது. இயற்கை இவ்வளவு துல்லியமான அடையாளத்தை அணுவுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது அயோடினையும் தங்கத்தையும் சம எடையில் எடுத்து ஒப்பிடுவோம். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தங்கம் 2.7 மடங்கு அதிகம் உறிஞ்சுகிறது. 20இல் மூன்று மடங்கு. ஆனால் 60இல் அயோடின்தான் முன்னால் நிற்கிறது, சுமார் 1.7 மடங்கு! காரணம் புரிந்திருக்கும்: 33.2க்கும் 80.7க்கும் இடையில் அயோடினின் கே கூடு திறந்திருக்கிறது, தங்கத்தினுடையது மூடியிருக்கிறது. சாதாரண சிடி கருவியை 120 கிலோ வோல்ட்டில் ஓட்டும்போது வெளிவரும் கதிரின் சராசரி ஆற்றல் 60ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே பழைய கருவியில் அயோடினை எடுத்துவிட்டுத் தங்கத்தைப் போட்டால் படத்தில் பெரிய மாற்றம் தெரியாது. 2006இல் ஹைன்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை எலிகளுக்கு ஏற்றி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது மார்பகப் பரிசோதனைக்கான மேமோகிராம் கருவி. அது குறைந்த ஆற்றலில் வேலை செய்வது, தங்கம் ஜெயிக்கும் இடம்.

தங்கத்தின் அந்த 80.7ஐ உண்மையில் பயனுள்ளதாக்கியது வேறு துறையில் வந்த ஒரு முன்னேற்றம். பழைய சிடியின் உணரி, வரும் ஃபோட்டான்களின் ஆற்றலை மொத்தமாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. கோயில் உண்டியலை எடைபோட்டு மட்டும் பார்ப்பது போல. காட்மியம் டெலுரைடு படிகத்தால் ஆன புதிய உணரியோ ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக எண்ணி, எந்த ஆற்றலில் வந்தது என்றும் பிரித்து வைக்கிறது. 80.7க்குச் சற்றுக் கீழே வந்தவற்றில் ஒரு படம், சற்று மேலே வந்தவற்றில் ஒரு படம். எலும்பும் தசையும் அயோடினும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தங்கம் இருக்கும் இடம் மட்டும் திடீரென்று மாறும். ஒரே ஸ்கேனில் அயோடினை ஒரு நிறத்திலும் கடோலினியத்தை இன்னொன்றிலும் தங்கத்தை மூன்றாவதிலும் காட்ட முடியும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியலுக்காகப் பிறந்த மெடிபிக்ஸ் என்ற உணரிச் சில்லை வைத்து, நியூசிலாந்துக் குழு ஒன்று 2018இல் மனித உடலின் வண்ண எக்ஸ் கதிர்ப் படத்தை வெளியிட்டது. 2021இல் இந்த வகை சிடிக்கு அமெரிக்காவில் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கான அனுமதியும் வந்துவிட்டது.

சரி, ஏன் நானோ துகள்? அயோடின் மருந்தின் ஒரு மூலக்கூறில் வழக்கமாக மூன்று அயோடின் அணுக்கள் இருக்கும். 1.9 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றில் சுமார் 200 தங்க அணுக்கள். அதே அளவு கன அணுக்களை ஏற்ற, துகள்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் போதும். வாசகியின் அம்மா உணர்ந்த சூட்டுக்கு முக்கியக் காரணம், ரத்தத்தைவிட அடர்த்தியான கரைசல் சவ்வூடுபரவல் அழுத்தத்தை (செல்களிலிருந்து நீரை இழுக்கும் அழுத்தம்) கூட்டி, குழாய்களை விரியச் செய்வதுதான். எண்ணிக்கை குறைந்தால் அந்த அழுத்தமும் குறையும். இன்னொரு வசதி, தங்கத்தின் மேல் கந்தக முனையுள்ள மூலக்கூறுகள் கெட்டியாக ஒட்டும். அதில் தகுந்த மூலக்கூறைக் கோத்தால், குறிப்பிட்ட செல்லைத் தேடிப் போகும் துகளைச் செய்யலாம்.

சிக்கல் வெளியேறுவதில் இருக்கிறது. பூச்சையும் சேர்த்து 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். அதைவிடப் பெரிதானால் ரத்தத்தில் வெகுநேரம் சுற்றி, கடைசியில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்களுக்குள் போய்த் தங்கிவிடும். இதன் விளைவை மருத்துவம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1930கள் தொடங்கிச் சுமார் இருபது ஆண்டுகள் தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை உலகெங்கும் பயன்படுத்தினார்கள். அது தோரியம் டைஆக்ஸைடின் நுண்துகள் கலவை, இன்றைய கணக்கில் நானோ துகள்தான். படம் பிரமாதமாக வந்தது, உடனடிப் பக்க விளைவும் குறைவு. ஆனால் அது கல்லீரலை விட்டுப் போகவில்லை. தோரியம் ஆல்ஃபா கதிர் வீசிக்கொண்டே இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக வெளிப்பட்டது. தங்கம் கதிரியக்கம் இல்லாதது, அந்த ஆபத்து இதற்கு இல்லை. ஆனாலும் கல்லீரலில் தங்கிய கிராம் கணக்கான உலோகம் முப்பது வருடத்தில் என்ன செய்யும் என்பதை 30 நாள் எலி ஆய்வு சொல்லாது.

கிராம் கணக்கு என்றேன். ஹைன்ஃபெல்டின் எலிகளின் ரத்தத்தில் தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் தங்கம் இருந்தது. மனிதருக்கு ஐந்து லிட்டர் ரத்தம் என்றால் 50 கிராம், ஆறு சவரனுக்கு மேல். இந்த விலைக்காகவே பிஸ்மத், டான்டலம், இட்டெர்பியம் துகள்களை நோக்கிப் பலர் திரும்பியிருக்கிறார்கள். இட்டெர்பியத்தின் விளிம்பு 61.3இல் வருவதால் சிடி கதிரோடு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "நம் சித்தர்கள் தங்க பற்பத்தில் அப்போதே நானோ தொழில்நுட்பம் கண்டார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுக்கு வருகிறது. பற்பத்தில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் அடுப்புக் கரியிலும் அவை உண்டு. அளவை அறிந்து, பூச்சைத் தீர்மானித்து, உடம்பில் எங்கே போகிறது, எப்போது வெளியேறுகிறது என்று அளந்து பார்ப்பதுதான் அறிவியல். தங்கம் என்பதாலேயே நல்லது என்று நம்பி யாரும் எதையும் விழுங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அளந்து பார்ப்பதற்குத்தான் பணம் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். இந்தியாவில் 2007இல் நானோ ஆய்வுக்கான மத்திய அரசின் திட்டமான நானோ மிஷன் தொடங்கியது. புதிய வடிவத்தில் ஒரு துகளைச் செய்தால் ஆய்வுக்கட்டுரை உடனே வரும், திட்டமும் நீளும். அதே துகள் ஒரு விலங்கின் மண்ணீரலில் ஐந்து வருடம் கழித்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஆளும் நிதியும் தொடர்ந்து வேண்டும். மூன்று வருடத் திட்டங்களால் அது முடியாது. இந்த ஒரு வகை ஆய்வுக்கென்றே நீண்ட கால நிதியை ஒதுக்க வேண்டும்.

இப்போதைக்கு மனித உடலுக்குள் அனுமதியோடு போயிருக்கும் உறவுக்காரத் துகள் ஹாஃப்னியம் ஆக்ஸைடு. அதை ரத்தத்தில் ஏற்றுவதில்லை, புற்றுக்கட்டிக்குள்ளேயே நேராக ஊசியால் செலுத்துகிறார்கள். கட்டியில் கதிர்வீச்சுச் சிகிச்சையின் வீரியத்தைக் கூட்டுவதுதான் அதன் வேலை. ஹாஃப்னியத்தின் அணு எண் 72 என்பதால், கட்டிக்குள் துகள் எங்கே பரவியிருக்கிறது என்பது சாதாரண சிடியிலேயே தெரிந்துவிடுகிறது. 2019இல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுக்கு அனுமதி பெற்றது. ஒரே இடத்தில் கொஞ்சமாகப் போட்டு அங்கேயே இருக்கவிடும் இந்த வழியில், உடம்பெங்கும் சுற்றி வெளியேற வேண்டிய சிக்கல் மிகவும் குறைகிறது.