மலைப்பாதையில் பின்தங்கும் பிள்ளை

சிங்கப்பூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றும் நான், பள்ளி விடுமுறைகளில் மாணவர் முகாம்களுக்கு முதலுதவிப் பொறுப்பாளராகவும் சென்று வருகிறேன். நம் தீவின் உச்சியான புக்கிட் தீமா 164 மீட்டரைக்கூட எட்டாது என்பதால், உண்மையான மலையில் ஏற விரும்பும் மாணவர் குழுக்கள் மலேசியாவின் ஜொகூரில் தேசியப் பூங்காவாக உள்ள 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங்கை நாடுகின்றன. புறப்படுமுன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பாம்பு, அட்டை, காட்டு யானை ஆகியவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் என்னிடம் கேட்பார்கள். நான் அஞ்சுவது வெயிலையும் புழுக்கத்தையும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் விடுமுறையில், வரிசையின் முன்பகுதியில் கலகலப்பாக நடந்துவந்த பதினைந்து வயது மாணவர் ஒருவர், மூன்றாம் மணி நேரத்தில் கடைசி ஆளாகிவிட்டார். நண்பர் பையைத் தூக்கித் தருவதாகச் சொன்னதற்கு, அவருடைய இயல்புக்கே பொருந்தாத எரிச்சலுடன் சண்டை பிடித்தார். அடுத்த சில நிமிடங்களில் கால்கள் பின்னின. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்; என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை மிஸ், நடக்கிறேன்" என்றார். உடல் முழுதும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது, நெற்றியில் காட்டும் வெப்பமானி 37.9 டிகிரி என்றது. அந்த எண்ணை நம்பியிருந்தால் அவரை இன்னும் நடக்க விட்டிருப்போம்.

ஹீட் ஸ்ட்ரோக் என்று நாம் சொல்லும் வெப்பத்தாக்கு வந்தவருக்குத் தோல் உலர்ந்து கொதிக்கும் என்று பலரும் படித்திருக்கிறார்கள். முதியவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஏற்படும் வெப்பத்தாக்கில் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஓடியும் மலையேறியும் விழும் இளையருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நெற்றியிலும் காதிலும் எடுக்கும் அளவு, 40 டிகிரியைத் தாண்டிவிட்ட உள்ளுடல் வெப்பத்தைக் காட்டாமல் போகலாம். காட்டில் நம்பத்தக்க அடையாளம், மூளை தடுமாறும் விதம்தான். சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், குடித்தவரைப் போன்ற நடை, இருக்கும் இடம் தெரியாத பார்வை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே அதை வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும்.

சுமையோடு ஏறும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிவருகிறது. அதை உடலிலிருந்து அகற்றுவது வியர்வை ஆவியாவதே ஒழிய, வியர்ப்பது மட்டுமன்று. காட்டின் நிழல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. வெயில் படாவிட்டாலும் காற்று அசையாது, ஈரப்பதம் மிகுந்திருக்கும், வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே தங்கிவிடும். தேசிய சேவையாற்றிய தந்தையருக்கு, வரிசையில் நின்று எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்கும் ராணுவப் பழக்கமான 'வாட்டர் பரேட்' நினைவிருக்கும். தண்ணீர் குடித்தால் போதும் என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். தண்ணீர் தேவைதான், ஆனால் வயிறு நிறையக் குடித்தவருக்கும் வேகத்தைக் குறைக்காவிட்டால் வெப்பத்தாக்கு வரும். உப்பும் உணவும் இல்லாமல் வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்து, இரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்குவோரும் உண்டு.

அந்த மாணவரை உடனே கீழே தூக்கிச் செல்லலாம் என்று குழுவினர் பதறினார்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுசெல்வது என்பதே மருத்துவ நெறி; உள்ளுடல் வெப்பம் உயர்ந்தே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரங்களை ஆறு மாணவர்கள் தொட்டிபோல் உயர்த்திப் பிடித்துக்கொள்ள, மேற்சட்டையையும் காலணியையும் கழற்றி அவரை உள்ளே கிடத்தினோம். மற்றவர்கள் அருகிலிருந்த ஓடையிலிருந்து கைக்குக் கிடைத்த பாத்திரங்களில் எல்லாம் நீர் கொண்டுவந்து ஊற்ற, ஒருவர் தலையை நீருக்குமேல் தாங்கிக்கொள்ள, நீர் உடல்மேல் அலையும்படி பாயை மெல்ல ஆட்டினோம். உதவி கேட்க வழிகாட்டி ஒரு துணையுடன் கீழே விரைந்தார். ஓடை இல்லாத இடமாயின், கையிருப்பு நீரால் உடல் முழுவதையும் நனைத்து, தொடர்ந்து விசிற வேண்டும். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறும். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. இருபது நிமிடங்களில் அவர் நண்பரைப் பெயர் சொல்லி அழைத்தார். மருத்துவமனையில் இரண்டு இரவு இருந்து, நலமாக வீடு திரும்பினார்.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வரை அவருக்குக் காய்ச்சல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மூக்கொழுகலுக்கு, வியர்வையைக் குறைக்கக்கூடிய பழைய வகை ஒவ்வாமை மாத்திரையும் காலையில் போட்டிருக்கிறார். மருத்துவப் படிவத்தில் "எதுவுமில்லை" என்று தாயார் எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால் மகனை அழைத்துச்செல்ல மாட்டார்களோ என்று பயந்ததாக என்னிடம் கண்ணீருடன் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் உண்மை சொல்லும் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம்தான் இருந்தது. அண்மைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முகாமின் முதல் இரவில் கெட்ட தூக்கம் ஆகிய மூன்றும் உடலின் வெப்பத் தாங்குதிறனைக் குறைப்பவை. குளிரூட்டிய அறையிலேயே பழகிய உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால், முந்தைய இரண்டு வாரங்களில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதைகளில் சிறு சுமையோடு சில நடைகள் நடக்க வைப்பது எந்த விலையுயர்ந்த பானத்தையும்விட நல்லது. அந்தப் பயிற்சி நாள்களில் சிங்கப்பூரின் வானிலைத் தகவல் தரும் மைஎன்வி செயலியில், வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலையை (WBGT) பார்த்துவிடுங்கள். 33 டிகிரியை எட்டினால் அது உயர்நிலை வெப்ப அழுத்தம், நடையைத் தள்ளிவைப்பதே சரி.

இப்போது நாங்கள் படிவத்தோடு நிறுத்துவதில்லை. மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் பேருந்து கிளம்புமுன், ஒவ்வொரு மாணவரையும் தனியே அழைத்து, கடந்த ஏழு நாளில் காய்ச்சல் வந்ததா, இன்று என்ன மாத்திரை போட்டீர்கள், நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்கிறேன். உண்மை சொன்னதற்காக யாரையும் பயணத்திலிருந்து நீக்குவதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கிறோம். உச்சிக்கு ஏற வேண்டாதவர்கள் அடிவாரத்தில் ஓர் ஆசிரியருடன் தங்கிச் சமையலையும் முகாமையும் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற முறை அப்படி மூன்று பேர் தாமாகவே வந்து சொன்னார்கள்.