சம்ப்பு நிரம்பினால் கேமரா நிற்கும்

பெசன்ட் நகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நொடிக்கு 6 படம் எடுக்கும் என்று நம்பி வாங்கிய கேமரா, இரண்டு நொடிக்குப் பிறகு திணறுகிறதே, பழுதா, ஏமாற்றா?" இரண்டும் இல்லை. சென்ற ஞாயிறு மாலை மெரினா மணலில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டைப் படமெடுக்கப் போன எனக்கும் இதுவே நேர்ந்தது. பந்து வீசும் சிறுவன் ஓடத் தொடங்கியபோதே பொத்தானை அழுத்திவிட்டேன். இன்னும் எத்தனை படம் தொடர்ந்து எடுக்கலாம் என்று வியூஃபைண்டரின் ஓரத்தில் காட்டும் எண் 12இலிருந்து 7, 3, 0 என்று இறங்கியது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டம்பாக நட்டிருந்த குச்சி பறந்தது. குச்சி நிற்கும் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன; பறக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

சென்சாரில் விழும் ஒளி மின்னூட்டமாகி எண்ணாக மாறுவது பள்ளிப் பாடம், அதைத் தாண்டிவிடுவோம். 24 மெகாபிக்சல் சென்சார் ஒவ்வொரு புள்ளிக்கும் 14 பிட் எழுதினால் ஒரு படத்துக்கு 42 எம்பி ஆகும். தரம் குறையாமல் சுருக்கினாலும் சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 28 எம்பி இருக்கும். நொடிக்கு 6 படம் என்றால் 168 எம்பி. மலிவு விலைக் கேமராவால் மெமரி கார்டில் நொடிக்கு 40 எம்பி எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் எங்கே போகும்?

இதைச் சென்னைவாசிக்கு விளக்குவது எளிது. தண்ணீர் லாரி பருத்த குழாயில் சம்ப்பை, அதாவது நிலத்தடித் தொட்டியை, நிரப்புகிறது. மோட்டார் மெல்லிய குழாயில் மாடிக்கு ஏற்றுகிறது. சம்ப்பு நிரம்பிவிட்டால், மோட்டார் இறைக்கும் அளவுக்குத்தான் லாரி ஊற்ற முடியும். கேமராவுக்குள் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம்தான் அந்தச் சம்ப்பு. அதன் கொள்ளளவு 256 எம்பி என்று கொண்டால், நொடிக்கு 128 எம்பி தேங்கி, சரியாக இரண்டு நொடியில் நிரம்பிவிடும். பிறகு நொடிக்கு ஒன்றரைப் படம்கூடத் தேறாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இருமடங்கு வேகத்தில் எழுதும் கார்டை வாங்கினால், அந்த வேகத்தைக் கேமராவும் தாங்குமானால், நிரம்பும் நேரம் இரண்டு நொடியிலிருந்து ஏறக்குறைய மூன்றாகும், அவ்வளவுதான். பழைய கார்டையே வைத்துக்கொண்டு, படத்தைக் கேமராவிலேயே இறுக்கிச் சுருக்கி, ஒன்றுக்கு 8 எம்பி எடுக்கும் ஜேபெக்குக்கு மாறினால், வரத்து 48, போக்கு 40, தேங்குவது வெறும் 8; நிரம்ப 32 நொடி ஆகும். வேகத்தை நொடிக்கு 5 படமாகக் குறைத்துவிட்டால் வரத்தும் போக்கும் சமமாகி, சம்ப்பு நிரம்பவே நிரம்பாது! ஜேபெக்காக மாற்றும் சில்லின் வேகமும் குறுக்கிடுவதால் உண்மையான எண்ணிக்கை கேமராவுக்குக் கேமரா மாறும்; ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது வேகங்களின் வித்தியாசம் என்னும் கணக்கு மாறாது.

கோப்பின் அளவும் நிலையானதன்று. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, மாற்றமில்லாத இடங்களை மிகச் சில எண்களில் முடித்துவிடும். வெறும் வானம் நன்றாகச் சுருங்கும். கடற்கரை மணல் சுருங்காது. பொழுது சாய்ந்தபின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் வானத்திலும் இரைச்சல் புள்ளிகள் மணலைப் போல நிறைந்துவிடும். கோப்பு பெரிதாகும், பஃபர் சீக்கிரமே நிரம்பும். இரைச்சல் நீக்கம் முதலிய மெருகுகளைக் கேமராவிலேயே செய்வதும் சில்லின் நேரத்தைத் தின்னும் என்பதால், அவற்றை அணைத்துவிடுவது நல்லது.

ஆயுத பூஜையன்று கேமராவுக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, லென்ஸில் படாதவரை. கார்டின்மேல் அச்சிட்டிருக்கும் 170 என்ற எண்ணைக் கும்பிடுவதைத்தான் மூடநம்பிக்கை என்பேன். அது படிக்கும் வேகம். அதற்கேற்ற கார்டு ரீடரில் மட்டுமே கிடைப்பது. கேமராவும் கார்டும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் யுஎச்எஸ்-1 முறையின் வரம்பே நொடிக்கு 104 எம்பிதான். தொடர்ந்து எழுதும் வேகத்துக்கு உறுதி தருவது வி30 என்ற சிறிய குறி. குறைந்தது நொடிக்கு 30 எம்பி.

1878இல் ஓடும் குதிரையைப் படமெடுக்க எட்வர்டு மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு இருந்ததால் அவருக்குச் சம்ப்புக் கவலை இல்லை. நமக்கு இருப்பது ஒன்றே. ஆகவே ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் பந்து அதற்குள் இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். மின்னணு ஷட்டர் மலிவுக் கேமராக்களில் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் மட்டை வளைந்து தெரியக்கூடும். இயந்திர ஷட்டரே மேல்.

பந்து வீசுபவரின் ஓட்டத்தை விட்டுவிட்டு, பந்து கையைவிட்டுப் புறப்படும்போது அழுத்தி, ஒரு நொடியில் விரலை எடுத்துவிடுங்கள். முழுதும் நிரம்பிய 256 எம்பியும் கார்டுக்குப் போக ஆறரை நொடிகூட ஆகாது. மெரினாவில் அலைக்குள் போன பந்தை எடுத்துவர அதைவிட அதிக நேரமாகும்.