பழைய சோறு யாருடைய பசியை ஆற்றுகிறது?

"என் தம்பி மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் பழைய சோறு சாப்பிட்டால் குடல் புண் ஆறிவிடும் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் அவர் கேட்டது வீண் கேள்வி இல்லை.

அடிக்கடி வயிறு உப்புவது, கலக்குவது எல்லாம் இந்த நோய் அல்ல. இது குடல் அழற்சி நோய். உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலின் மேலேயே பாய்ந்து அதை வீங்கவைத்துப் புண்ணாக்குகிறது. இதில் இரண்டு முக்கிய வகை உண்டு. கொலைட்டிஸ் என்றால் பெருங்குடலின் உட்பூச்சில் புண். க்ரோன்ஸ் என்றால் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சுவரின் ஆழம் வரை இறங்கும்.

இப்போது சோற்றுக்கு வருவோம். ஆறிப்போன சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். சூடாக இருந்தபோது குழைந்த பருக்கை இப்போது விறைத்து நிற்கும். வேகும்போது அவிழ்ந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்துகொள்கின்றன. அப்படி இறுகிய பகுதியை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை. அளவு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் செரிக்காமல் பெருங்குடல்வரை போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை அதை நொதிக்கவைத்து அசிட்டேட், ப்ரோபியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சிறு அமிலங்களைத் தருகின்றன. பியூட்டிரேட்டுக்குப் பெயர் வந்ததே வெண்ணெயிலிருந்துதான். நாள்பட்ட வெண்ணெயின் காறல் வாடை இதனுடையது.

எனக்கு அலுக்காத அதிசயம் இதற்கப்புறம்தான் வருகிறது. உடலின் மற்ற செல்கள் பெரும்பாலும் ரத்தம் கொண்டுவரும் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து வாழ்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களோ தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டைப் பியூட்டிரேட்டிலிருந்தே எடுக்கின்றன. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை 2011இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அவற்றின் பெருங்குடல் செல்கள் பட்டினியில் தங்களையே தின்றுகொண்டிருந்தன. பியூட்டிரேட் கொடுத்ததும் அது நின்றது.

இன்னொன்றும் நடக்கிறது. பியூட்டிரேட்டை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ரத்தக் குழாய் வழியாகப் பின்பக்கத்திலிருந்து வருகிற ஆக்சிஜனைச் சுவர்ச் செல்களே பெரும்பாலும் செலவழித்துவிடுவதால், குடலின் உட்பக்கத்துக்கு அது கசிவதில்லை. பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் போன்றவை ஆக்சிஜன் பட்டால் சாகிறவை. அவை செல்லுக்குச் சோறு போடுகின்றன, செல் அவற்றுக்கு ஆக்சிஜன் படாமல் காவல் நிற்கிறது.

அழற்சி வந்தால் இந்த ஏற்பாடுதான் குலைகிறது. புண்பட்ட செல்களால் பியூட்டிரேட்டைச் சரியாக எரிக்க முடிவதில்லை. ஆக்சிஜன் உள்ளே கசிகிறது, நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன, ஆக்சிஜனைத் தாங்கும் ஈகோலை வகைகள் பெருகுகின்றன. அந்த நேரத்தில் எவ்வளவு பழைய சோறு ஊற்றினாலும் அதைப் பியூட்டிரேட்டாக மாற்ற ஆளும் குறைவு, எரிக்கிற அடுப்பும் பழுது. முதலில் அழற்சியை அடக்க வேண்டும், அதற்குத்தான் மருந்து. சிலர் நெய்யிலேயே பியூட்டிரேட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்கு மிஞ்சாது.

சரி, உணவால் பயனே இல்லையா? இருக்கிறது. க்ரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் தராமல் ஊட்டச்சத்துத் திரவம் மட்டும் கொடுப்பது ஸ்டீராய்டுக்கு நிகராகவே வேலை செய்கிறது. இசப்கோல் விதை கொலைட்டிஸ் அடங்கிய நிலையை ஓராண்டு காப்பதில், இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமின் மாத்திரைக்கு ஈடாக நின்றதாக ஸ்பெயினில் 1999இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஜப்பானில் 2006இல் கொலைட்டிஸ் அடங்கியிருந்த 89 நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு மஞ்சளின் குர்குமினையோ வெற்று மாத்திரையையோ ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆய்வு விதியை மீறிய 7 பேரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. அது நாளுக்கு 2 கிராம் குர்குமின். குழம்பில் போடும் மஞ்சளில் அவ்வளவு கிடைக்காது. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

செரிக்காத மாவுச்சத்தை உப்பு சர்க்கரைக் கரைசலில் கலந்தால் காலராவின் பேதி சீக்கிரம் நிற்கிறது என்று 2000இல் உலகுக்குக் காட்டியவர்கள் நம் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் அரசு நிதியோடு பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்க்கு ஆராய எடுத்துக்கொண்டது. இதற்கு இன்னும் பல மடங்கு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். பழைய சோற்றுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் எந்த மருந்து கம்பெனியும் செலவு செய்யாது. அரசு விட்டுவிட்டால் அந்த இடத்தை வாட்ஸ்அப் வைத்தியர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி ரத்தப்போக்கோடு பிள்ளைகளைப் படுக்கவைப்பது அவர்கள்தான்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு இப்போது ரத்தம் போகிறது என்றால் பழைய சோறு காத்திருக்கட்டும். நோய் அடங்கியபின், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி வைத்த பழையதை அரைக் கிண்ணத்தில் தொடங்கலாம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாள் என்றால் இதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும், புளித்த உணவில் வேறு கிருமியும் வளரலாம். க்ரோன்ஸ் நோயாளிக்குக் குடல் சுருங்கி வழி குறுகியிருந்தால் நார்ச்சத்து அடைத்துக்கொள்ளும், அவருக்கு இசப்கோல்கூட ஆகாது. சேர்த்த நாளையும் வயிறு எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம்.