பேட் மாற்றியும் நிற்காத கரகரப்பு

பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "பேட் என்ன விலை?" குமரி மாவட்டத்தில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது, எந்தப் பேட் தேய்ந்திருக்கிறது என்பதை. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டி நிற்கும் கார்களில் உப்புக்காற்று பட்டு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேட்களை அழுத்தும் காலிப்பர் இறுகி, ஒரு பேட் மட்டும் இரும்புவரை தேய்ந்திருக்கும். அதன் ஜோடியில் பாதி அப்படியே மிச்சம் இருக்கும். இறுகியதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதையும் அது தின்றுவிடும்.

முதலில் சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். மழை இரவுக்குப் பிறகு, காலையில் முதல் இரண்டு மூன்று முறை மிதிக்கும்போது உரசி, பிறகு அடங்கினால் அது டிஸ்க்மேல் படிந்த மெல்லிய துரு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் நமக்கு உண்டு. இதற்காக ஒர்க்‌ஷாப் போக வேண்டாம். பிரேக்கைத் தொடாதபோதும் தகரம் உரசுவதுபோல் கேட்டால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகர மறைப்புக்கும் நடுவே ஜல்லி சிக்கியிருக்கலாம். தகரத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் விழுந்துவிடும். வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் உறுமல் என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும், பேட் முடியப்போகிறது என்று அதிலுள்ள சிறு தகடு சொல்வது. மிதிக்கும்போது காலுக்கே தெரியும்படி அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. அந்த வண்டியைச் சந்தை வரைகூட எடுக்காதீர்கள்.

வேலையைச் சிமெண்ட் தரையில்தான் செய்ய வேண்டும். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி சாயும். முன் சக்கரத்தைக் கழற்றும்முன் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கையை உள்ளே விடலாம்.

பல சிறிய கார்களில் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினாலே அது மேல்நோக்கித் திரும்பும். முழுதாகக் கழற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, மூச்சுக்குக் கெடுதல். பிரேக் க்ளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றிய பேட்களை உள், வெளி என்று அதே வரிசையில் வையுங்கள். அவைதான் உங்கள் ரிப்போர்ட். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்கவில்லை, அல்லது காலிப்பர் வழுக்கி நகரும் ஊசியான ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. வெளிப் பேட் மட்டும் என்றால் பெரும்பாலும் ஸ்லைடு பின். ஒரே பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேட் தன் இடத்தில் இறுகிவிட்டது.

ஸ்லைடு பின் கையால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண வீல் கிரீஸ் ரப்பரை உப்பவைத்து, சில மாதங்களில் பின்னை இன்னும் இறுக்கும். பின்னை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்து, அதை மாற்றாவிட்டால் இத்தனையும் வீண். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் இருக்கும். மேல், கீழ் மாற்றிப் போடாதீர்கள்.

அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடம், பேட்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான பிராக்கெட். பேட்டின் காது உட்காரும் ஸ்டீல் க்ளிப்பைக் கழற்றிப் பாருங்கள். அடியில் துரு பொருக்குப் பொருக்காகப் பொங்கி க்ளிப்பை மேலே தள்ளியிருக்கும். மேலிருந்து பார்த்தால் க்ளிப் புதிதுபோல் மின்னும். வயர் பிரஷ், அரம் கொண்டு துருவை இரும்புவரை எடுத்து, புது க்ளிப் போடுங்கள். பேட்டை விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் போகவில்லை.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். வெர்னியரை நேராக வைத்தால் விளிம்பில் நிற்கும் துரு வரம்பு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இருபுறமும் ஒரே மாதிரி இரு நாணயங்களை வரம்புக்கு உள்ளே வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். அளவுக்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கடைவதில் அர்த்தமில்லை, மாற்றுங்கள். பேட்டில் தேயும் பகுதியான லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடலாம். பேட்டோ டிஸ்க்கோ, இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே போட வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, மட்டம் அதிகமாக இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயின்ட் போய்விடும்; உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பழைய பேட்டை பிஸ்டன்மேல் வைத்து, சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். நகரவில்லை, அல்லது ஆயில் கசிந்திருக்கிறது என்றால் அதோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் விடுங்கள். பின்பக்கம் டிஸ்க் இருக்கும் பல வண்டிகளில் பின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் மோடில் போடாமல் தொடவே கூடாது.

மாட்டி முடித்ததும், வண்டியை எடுக்கும்முன் பெடலைக் கெட்டிப்படும்வரை பலமுறை மிதியுங்கள். மிதிக்காமல் கிளம்பினால் முதல் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. பிறகு, புதுப் பேட் டிஸ்க்கோடு படிய, ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு, இடைவெளி விட்டு எட்டுப் பத்துமுறை குறையுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலம் அதற்கான இடமல்ல! கடைசியாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே இன்னும் ஏதோ இறுகியிருக்கிறது.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கான தர அளவோ 155 தான். கோதையாறு பக்கத்து இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும், ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சுபோல் ஆகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் லீவுக்கு வரும்வரை கவர் போட்டு நிறுத்தும் கார்களுக்குத்தான் பிரேக் துருப்பிடித்து இறுகும் தொல்லை அதிகம். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, கட்டை வைத்துப் போங்கள். வாரம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பதால் டிஸ்க்குக்கு ஒரு பயனும் இல்லை. யாராவது சாலையில் எடுத்துப்போய், நாலைந்து தடவை நன்றாகப் பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும்.