கர்ப்பப்பைக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ.: காப்பீட்டு அட்டை இருக்கிறதா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கர்ப்பப்பையில் கட்டி' என்று இருந்தாலே வீடு கலங்கிப்போகிறது. பெரும்பாலும் அது ஃபைப்ராய்டு எனும் சாதாரண நார்க்கட்டிதான். ஆனால் சார்கோமா என்ற அரிதான புற்றுக்கட்டியும் அல்ட்ராசவுண்டில் அதே மாதிரி தெரியலாம். ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு சார்கோமா இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் கணக்கிட்டது. லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவையில் கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுத்தால், புற்றாக இருக்கும் பட்சத்தில் அது வயிற்றுக்குள் பரவிவிடக்கூடும். கத்தி வைப்பதற்கு முன்பே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் எடுக்கும் டி2 என்ற வகைப் படத்தில் சாதாரண நார்க்கட்டி கருப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். சார்கோமா பெரும்பாலும் வெளிறித் தெரியும். ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், உள்ளே ரத்தக் கசிவோ அழுகிய பகுதியோ இருக்கும். டிஃப்யூஷன் என்ற இன்னொரு வகைப் படத்தில் பளிச்சென்று ஒளிரும். சிதைந்துபோன ஃபைப்ராய்டும் சில நேரம் இப்படியே ஏமாற்றும் என்பதால், கடைசி முடிவு திசுப் பரிசோதனையில்தான். எல்லோருக்கும் இந்த ஸ்கேன் வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்கிறது, அல்லது அல்ட்ராசவுண்டில் ஏதோ வித்தியாசம் என்றால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சரி, செலவு? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சையோடு சில நோயறி பரிசோதனைகளும் அடங்கும், எம்.ஆர்.ஐ. அவற்றில் ஒன்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இன்றே வாங்கி வைப்பது எவ்வளவோ மேல்.

அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய்விடாதீர்கள். டாக்டரின் பரிந்துரைச் சீட்டோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி வாங்கிய பிறகுதான் ஸ்கேன். கையிலிருந்து பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்பது சிக்கல். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகக் கருவியோ இருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் போகும் நாளில் ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் படத்தையே பார்க்க வேண்டியிருக்கும்.