4கே டிவி வாங்கலாமா? இஞ்ச் டேப்பைக் கேளுங்கள்

இருட்டிய பிறகு ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தை நோக்கி வரும் கார் முதலில் ஒரே ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரியும். மலைப்பாதையில் ஏறி அருகே வரவர அந்தப் பொட்டு இரண்டாகப் பிரியும். காரில் இருந்தவை எப்போதும் இரண்டு விளக்குகள்தான். அவற்றைத் தனித்தனியாகக் காட்டியது, குறைந்த தூரம். வீட்டு டிவியை 4கே-க்கு மாற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தத் தூரத்தைத்தான்.

விழித்திரையின் நடுவே, நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது வேலை செய்கிற சிறு பள்ளத்தில், ஒளியை உணரும் கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு ஒளிப்புள்ளிகள் இரண்டாகத் தெரிய வேண்டுமானால், அவை விழும் செல்களுக்கு நடுவே வெளிச்சம் குறைந்த செல் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் மூளைக்கு ஒரே புள்ளி என்றுதான் செய்தி போகும். கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கு இந்த எல்லை, இரு புள்ளிகளும் கண்ணில் உண்டாக்கும் கோணமாகச் சொன்னால், ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி ஏறக்குறைய 3.4 மீட்டர், அதாவது 11 அடி வரை தெரியும், அதற்கப்பால் மறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள கார் விளக்குகளுக்கு அதே கணக்கு 5 கிலோமீட்டர் வரை போகிறது. இரவில் ஒளி சிதறிக் கூசுவதால் இன்னும் அருகே வந்த பிறகே அவை பிரிகின்றன.

இனி டிவிக்கு வருவோம். ஃபுல் ஹெச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1080. 4கே-யில் இவை 3840, 2160. மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்காகி 83 லட்சத்தைத் தொடுகின்றன. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது 43 அங்குல ஃபுல் ஹெச்டி. அதன் அகலம் 95 சென்டிமீட்டர், ஆகவே ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அதைப் பிரித்தறிய ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். எங்கள் சோபாவோ பத்தடி தள்ளியிருக்கிறது. அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒவ்வொரு புள்ளியையும் நான்காகப் பிளந்து கொடுத்தாலும் பெரிதாக எதுவும் கூடப்போவதில்லை.

இதை எளிய வாய்ப்பாடாகவே சொல்லலாம். சோபாவுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அடியில் எழுதி 7.7-ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணைவிடப் பெரிய அங்குலத்தில் டிவி வாங்கினால்தான் 4கே-யின் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கு எட்டும். ஏழடி என்றால் 54 அங்குலம். பத்தடி என்றால் 77 அங்குலம்.

ஆனால் இந்த எல்லை சுவர்போல எழுந்து நிற்பதில்லை. இளைஞர்கள் பலருக்குப் பார்வை 6/6-ஐவிடக் கூர்மையாகவே இருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. இளம்பிள்ளைச் சேலையின் பார்டரில் இருக்கும் மயிலைக் கைக்கு அருகே வைத்துப் பாருங்கள்: கழுத்தின் வளைவு உண்மையில் வளைவே அல்ல, குட்டிக் குட்டிப் படிக்கட்டுகள். கட்டம் போட்ட தாளில் வரைந்த வடிவத்தை நூலுக்கு நூல் நெய்தால் அப்படித்தான் வரும். திரையிலும் சாய்ந்த கோடுகள் இதே படிகளால் ஆனவை. அருகருகே இருக்கும் இரு புள்ளிகளைப் பிரிப்பதைவிட, ஒரு கோடு லேசாக விலகி அடுத்த படிக்குத் தாவுவதைக் கண்டுபிடிப்பதில் நம் கண் பல மடங்கு கெட்டிக்காரக் கண். அதனால் எழுத்துகளின் ஓரங்களில், குறிப்பாக நம் தமிழ் எழுத்துகளின் சுழிகளில், 4கே-யின் வழவழப்பு கணக்குச் சொல்லும் தூரத்தைத் தாண்டியும் சற்றுத் தெரியும்.

கடையில் எல்லா 4கே திரையும் அசத்துகிறதே என்று கேட்பார்கள். அங்கே நாம் நிற்பது மூன்றடி தூரத்தில். ஓடுவது அந்தத் திரைக்கென்றே எடுத்த படம். வெளிச்சமும் முழு அளவில் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். போன தீபாவளிக்கு என் தம்பி தவணையில் 50 அங்குல 4கே டிவி வாங்கி மாட்டினான். இரண்டாம் நாளே, "பழைய டிவியே தேவலைண்ணா, முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி தெரிகிறது" என்று போன் செய்தான். போய்ப் பார்த்தேன். கேபிள் பெட்டி பழையது, ஹெச்டிக்கு முந்தைய சாதாரண எஸ்டி தரம். அதில் வரும் படம் 720-க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரைக்குத் தேவை அதைப்போல் சரியாக 20 மடங்கு. மீதி 19 பங்கை டிவி அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம்தான் மெழுகு. பெட்டியை ஹெச்டிக்கு மாற்றிய அன்றே முகங்களுக்கு உயிர் வந்துவிட்டது. இணையத்தில் பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான்: 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 15 எம்பிபிஎஸ், ஃபுல் ஹெச்டிக்கு 5 போதும். மாலை நேரத்தில் வேகம் அதற்குக் கீழே இறங்கும் வீட்டில் 4கே திரை இருந்தும், வருவது குறைந்த தரப் படம்தான்.

ஆகவே முதலில் செட்டாப் பாக்ஸையும் இணைய வேகத்தையும் பாருங்கள் என்பேன். இருக்கும் டிவி நன்றாக ஓடினால், புள்ளிக் கணக்குக்காக மட்டும் அதைத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பழுதாகும் நாளில் கேள்வியே எழாது. 50 அங்குலத்துக்கு மேல் இப்போது கடைகளில் பெரும்பாலும் 4கே-தான் கிடைக்கிறது. அன்று இரண்டு மாடல்களுக்கு நடுவே தடுமாறினால், கருமையை ஆழமாகவும் ஒளியைப் பளிச்சென்றும் காட்டும் திரையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேறுபாடு பத்தடியிலிருந்தும் தெரியும்.

நான் இப்படி முடிவு செய்து வைத்திருந்தபோது, விடுமுறைக்கு வந்த அக்கா மகன் சோபாவை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டு, திரைக்கு எதிரே விளையாட்டுக் கருவியோடு உட்கார்ந்தான். "மாமா, எழுத்தெல்லாம் சொரசொரன்னு தெரியுதே" என்றான். டேப்பை வைத்து அளந்தேன். அவன் கண்ணிலிருந்து திரைக்கு நான்கடி.